அக்காவுக்கு வைத்த பல்

அந்தக் கட்டடத்தில் அவரை எல்லோரும் ‘பல்செட்’ என்றுதான் சொல்வார்கள். வாசல் காவலாளிகூட, “பல்செட் சார் மேல போயிட்டாரா?” என்றுதான் கேட்பார். மூன்றாம் மாடியில், படிக்கட்டுக்குப் பின்புறம், ஒரு ஜன்னலும் இரண்டு மேசைகளும் உள்ள அறை அவருடைய பட்டறை. நகரத்தின் பல் மருத்துவர்களிடமிருந்து அங்கே சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள் வரும். பெட்டிக்குள் யாரோ ஒருவருடைய வாயின் அச்சு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ‘பெண், 71, மேல்வாய் முழு செட்.’ ‘ஆண், 58, முன்பல் நான்கு.’ அவ்வளவுதான் விவரம்.

அச்சின்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஈறுக்கு இளஞ்சிவப்புப் பசையை அடைத்து வேகவைத்து, ஆறியதும் ராவித் தேய்த்து மெருகேற்றித் திரும்பப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் அவர் வேலை முடிந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் பேருக்குப் பல் செய்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. அதில் ஒருவரைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. சீட்டில் வருகிற எழுபத்தொரு வயது அம்மாள் வாய்விட்டுச் சிரிக்கிறவளா, உதட்டோரம் மட்டும் அசைக்கிறவளா, எதுவும் தெரியாது.

பார்க்கும் ஆசை மட்டும் அடங்கவில்லை. பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் கொட்டாவி விட்டால் இவர் கழுத்து தானாக நீளும். ஒருமுறை ஓர் அம்மாள், “என்ன சார், என் வாய்ல ஏதாவது எழுதி ஒட்டியிருக்கா?” என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனார். ஐம்பத்தாறு வயதிலும் அவர் அவ்வளவு கூச்சக்காரர்.

வீட்டில் அவரும் அக்காவும்தான். அக்கா அவரைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போனபோது அவருக்கு ஆறு வயது. அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டே அவருக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, வீட்டுப்பாடம் பார்த்து வளர்த்தாள். பிறகு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை கிடைத்தது. ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ஆரம்பித்தால் கூட்டம் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்ளும். முப்பத்தொரு வருடம் அந்தக் குரல்தான் இந்த நகரத்து மக்களை வேலைக்கு அனுப்பியது, வீட்டுக்குத் திரும்பக் கூட்டிவந்தது. அவள் முகம் யாருக்கும் தெரியாது. தம்பிக்கும் அக்காவுக்கும் அதில் ஓர் ஒற்றுமை. இரண்டு பேருமே மறைவில் இருந்துகொண்டு ஊருக்கு உழைத்தவர்கள்.

ஓய்வு பெற்ற சில வருடங்களில் அக்காவின் ஈறு கெட்டுவிட்டது. இரண்டாம் மாடி டாக்டரம்மா, “மேல் வரிசையை முழுசா எடுத்துடறதுதான் நல்லது” என்றார். எடுத்தார்கள். புண் ஆறிய பிறகு அச்சு எடுத்து மேலே அனுப்பினார்கள். சீட்டில், ‘பெண், 65’ என்று இருந்தது. அதற்குக் கீழே டாக்டரம்மா சிரிப்பது போல ஒரு முகம் வரைந்து வைத்திருந்தார்.

தன் வாழ்நாளில் செய்த செட்டுகளிலேயே அதுதான் சிறந்தது என்று பல்செட்காரர் நம்பினார். முத்து கோத்த மாதிரி பதினான்கு பற்கள். மெழுகு நிலையிலேயே ஒருமுறை வாயில் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். டாக்டரம்மா அதைக் கேட்கவும் செய்தார். இவர்தான், “அக்கா வாய் எனக்குத் தெரியாதா டாக்டர்?” என்று சொல்லி அந்த வேலையைத் தாண்டிவிட்டார்.

அக்கா போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள். “நல்லா செஞ்சிருக்கடா” என்றாள். அந்தச் சின்ன வாக்கியத்திலேயே மூன்று இடத்தில் விசில் அடித்தது. ஒரு வாரம் போட்டாள். பிறகு அது அலமாரியில், மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில், தண்ணீருக்குள் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வீடு மெல்ல மெல்ல அமைதியாகிவிட்டது. தொலைபேசி அடித்தால் அக்கா எடுப்பதில்லை. கடைக்குப் போனால் சீட்டில் எழுதி நீட்டினாள். எதிர்வீட்டு அம்மாள் வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். சமையலில் எல்லாமே மசித்ததாகவும் கரைத்ததாகவும் மாறியது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தம்பி வீட்டுக்கு வருவதற்குள் அவள் தனியாகச் சாப்பிட்டு முடித்துவிட ஆரம்பித்தாள். ஐம்பது வருடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

“பசிச்சுது, சாப்பிட்டுட்டேன்” என்பாள். அவ்வளவுதான். அவரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது உள்ளூர அவருக்குத் தெரியும். அது தன் வேலையைப் பற்றிய பதிலாக இருக்கும்.

இப்படித்தான் அவர் அந்த இத்தாலியச் சாப்பாட்டுக் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தார். பட்டறை இருந்த தெருவின் முனையில், சாயம் போன நீலக் கதவோடு ஒரு கடை. தினமும் அதைத் தாண்டித்தான் நடப்பார். பட்டறையில் நாள் முழுக்கப் பசையின் காரமான நெடியை முகர்ந்துவிட்டு வெளியே வந்தால், அந்தக் கதவின் வழியாக ரொட்டி வேகும் வாசனை வந்து ஆளைப் பிடித்து நிறுத்தும். ஒரு புதன்கிழமை மதியம், அக்கா கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்தார். மசித்த உருளைக்கிழங்கு. மூடினார். அவருக்கு எதையாவது மெல்ல வேண்டும் போல இருந்தது. கடினமாக, மொறுமொறுப்பாக, தாடை வலிக்கிற மாதிரி. அப்படி ஆசைப்பட்டதற்கே குற்றவாளி போல உணர்ந்துகொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பத்து மேசைகள்தான். நாற்காலிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. சில பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவை போலவும், சில யாரோ வீடு காலி செய்தபோது வாங்கியவை போலவும் இருந்தன. சாப்பாட்டுப் பட்டியல் என்று தனியாக எதுவும் இல்லை. சுவரில் ஒரு கரும்பலகை. சமையல்காரம்மா காலையில் சந்தைக்குப் போய் எது கிடைக்கிறதோ அதைக் கொண்டுவந்து சமைப்பார். அந்தந்தப் பருவத்தில் விளையாத எதுவும் அந்தக் கடைக்குள் வராது. குளிர்காலத்தில் யாராவது, “தக்காளி போட்டு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டால், அடுப்படியிலிருந்தே, “இன்னும் மூணு மாசம் பொறுங்க, தரேன்” என்று பதில் வரும். பரிமாறுவதற்கு ஓர் ஆள். ஆறடிக்கும் மேலே உயரம். ‘நெட்டை’ என்றுதான் சமையல்காரம்மாவே கூப்பிடுவார். நெட்டைக்கு நாற்பது வயதிருக்கும். பலகை ஒரு தூணுக்குப் பின்னால் மாட்டப்பட்டிருந்ததால் பாதி மேசைகளுக்குத் தெரியாது. ஒவ்வொரு மேசையிலும் நின்று நெட்டை மனப்பாடமாக ஒப்பிப்பார், பாதியை விழுங்கிவிடுவார்.

அன்று பல்செட்காரருக்குக் கிடைத்தது முட்டைக்கோசும் வெள்ளை அவரையும் போட்ட சூப், கூடவே தடித்த மேலோட்டுடன் ரொட்டி. அந்த ரொட்டியை அவர் கடித்த சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்டிருக்கும். கண்ணில் நீர் வந்துவிட்டது. சூப் சூடு என்று நெட்டையிடம் சொல்லிக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமையும் போனார். அதற்கடுத்த புதனும். அக்காவிடம் சொல்லவில்லை. டப்பாவில் இருப்பதை மாலையில், வீட்டுக்குக் கிளம்புவதற்குமுன் சாப்பிட்டுத் தீர்ப்பார். வேறு எந்தத் தப்பும் செய்யாத மனிதருக்கு இது பெரிய தப்பாகப் பட்டது.

அந்தக் கடையில் வாய்களைப் பார்ப்பது சுலபம். சாப்பிடுகிற இடத்தில் யார் வாயை யார் பார்த்தாலும் சண்டைக்கு வர மாட்டார்கள். அப்படி ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஜன்னலோர மேசைப் பெரியவர் நெட்டையைப் பார்த்துச் சிரித்தார். பல்செட்காரரின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. தையல்காரருக்குத் தான் எடுத்த காஜா தெரியாமல் போகுமா? அந்த ஈறின் நிறம் அவர் கலந்தது. இரண்டு பங்கு ரோஜாவுக்கு ஒரு சிட்டிகை பழுப்பு. கோரைப்பல்லின் அடியில் அந்த மெல்லிய வளைவு அவர் கைவாக்கு. முப்பத்து மூன்று வருடத்தில் முதன்முதலாகத் தன் வேலை அக்காவைத் தவிர வேறொரு மனித முகத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

தட்டு வந்தது. பெரியவர் அக்கம்பக்கம் பார்த்தார். கைத்துண்டை வாயருகே கொண்டுபோனார். துண்டு கீழே இறங்கியபோது கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. பற்களைத் துண்டில் சுற்றி, தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, வெறும் ஈறால் நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

பல்செட்காரருக்கு அதற்குமேல் எதுவும் இறங்கவில்லை. எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கால் அந்த மேசைப் பக்கம் போனது.

“மன்னிக்கணும் சார். அது நான் செஞ்சது.”

“எது?” என்றார் பெரியவர்.

“துண்டுக்குள்ள இருக்கறது.”

பெரியவர் துண்டையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்க டாக்டர் இல்லையே?”

“இல்ல சார். டாக்டர் அளவு எடுத்து அனுப்புவார். செய்யறது நான்.”

“அப்படியா? உங்களைத்தான் ரெண்டு வருஷமா தேடிட்டிருக்கேன். உக்காருங்க.”

பெரியவர் ஓய்வு பெற்ற சர்வேயர். நாற்பது வருடம் நிலம் அளந்தவர். கோபப்படவில்லை. தப்பான வரைபடத்தைத் திருத்துகிறவர் போல விளக்கினார்.

“தரை சமமா இல்லேன்னா கால் வெச்ச உடனே எனக்குத் தெரிஞ்சிடும். உங்க பல்லுல வலது பக்கம் முதல்ல இடிக்குது. இடது பக்கம் யோசிச்சு யோசிச்சு அப்புறமா வருது. நடுவுல என் ஈறு மாட்டிக்குது.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா சார்?”

“சொன்னேன். போகப் போகப் பழகிடும்னார். எனக்குப் பழகல. பல்லுக்குத்தான் பழகிடுச்சு, துண்டுல இருக்கறது.”

அந்தக் கடைக்குச் சர்வேயர் வருவதே நியோக்கிக்காகத்தான். உருளைக்கிழங்கை மசித்து மாவோடு பிசைந்து, விரல் நுனி அளவுக்கு உருட்டி வேகவைத்தது. பல்லே வேண்டாம், நாக்காலேயே நசுக்கிவிடலாம். குளிர்காலம் முழுக்க வாரத்துக்கு மூன்று நாள் அதையே சாப்பிட்டிருக்கிறார். நெட்டை அப்போது தட்டு எடுக்க வந்தார்.

“அடுத்த வாரத்துல இருந்து நியோக்கி கிடையாது சார். வெயில் ஆரம்பிச்சாச்சு. அம்மா பலகையில இருந்து எடுத்துடுவாங்க.”

சர்வேயர் தட்டில் மிச்சமிருந்த நான்கு உருண்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நாளைக்குக் காலையில இதே தெருவுல என் பட்டறை இருக்கற கட்டடத்துக்கு வர முடியுமா?” என்றார் பல்செட்காரர்.

சர்வேயர் வந்தார். இரண்டாம் மாடி டாக்டரம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். பல்செட்காரர் பக்கத்தில் நின்றுகொண்டார். பற்களுக்கு நடுவே நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். எங்கே அழுத்தமாக இடிக்கிறதோ அங்கே நீலக் கறை படியும். அதைத் துளி ராவ வேண்டும். மறுபடி கடிக்க வேண்டும். மறுபடி ராவ வேண்டும். பல்செட்காரர் அன்றைக்கு முதன்முதலாக ஒரு வாய் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். தாடை கதவு மாதிரி ஏறி இறங்குகிறது என்றுதான் இத்தனை வருடம் வேலை செய்திருந்தார். அது பக்கவாட்டில் போகிறது, சுழல்கிறது, நாக்கு உள்ளிருந்து தள்ளுகிறது, கன்னம் வெளியிலிருந்து அணைக்கிறது. பெட்டியில் வரும் அச்சு ஒன்றுகூட மென்று காட்டியதில்லை. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நடை இருக்கிறது என்று அதனிடம் எப்படித் தெரிந்துகொள்வது?

அடுத்த புதன்கிழமை நியோக்கி போய்விட்டது. பலகையில் பச்சைப் பட்டாணி வந்திருந்தது. சமையல்காரம்மா தானே ரொட்டியின் அடித்துண்டை எடுத்துவந்து சர்வேயர் முன்னால் வைத்தார். அவர் கடித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். விழுங்கிவிட்டு, “இப்ப சமமட்டம்” என்றார். துண்டு மடித்தபடியே கிடந்தது.

நெட்டையும் சமையல்காரம்மாவும் சிரித்தார்கள். பல்செட்காரரால் சிரிக்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம், ‘என்ன தொந்தரவு?’ என்று கேட்க முடிந்தது. வீட்டில் இருக்கிறவளிடம் பத்து மாதமாகக் கேட்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தபோது அக்கா சமையலறை மேசையில் உட்கார்ந்து பாலில் ஊறவைத்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திடுக்கிட்டுக் கையால் வாயை மறைத்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“அக்கா, அந்த செட்டு உனக்கு என்ன பண்ணுது?”

அவள் தலையை ஆட்டினாள், ஒன்றுமில்லை என்பது போல.

“சொல்லு. நான் வருத்தப்பட மாட்டேன்.”

“வருத்தப்படுவே” என்றாள் அக்கா, கைக்குப் பின்னாலிருந்து.

“சரி, வருத்தப்பட்டுக்கறேன். சொல்லு.”

அக்கா கையை இறக்கினாள். பத்து மாதத்துக்குப் பிறகு அவள் வாயை அவர் பார்த்தார். மேலுதடு உள்ளே மடிந்து, முகம் சின்னதாகி, யாரோ ஒரு பாட்டி போல இருந்தாள். பேசும்போது எழுத்துகள் வழுக்கிக்கொண்டு வந்தன.

“யார் பல்லுடா அது?”

“உன் பல்லுதான்.”

“என் பல்லு இல்ல. என் பல்லுல நடுவுல சந்து இருக்கும். பக்கத்துப் பல்லு ஒண்ணு சொல்பேச்சு கேக்காம முன்னாடி வந்து நிக்கும். முப்பது வருஷம் அந்த சந்துல காத்து போய்த்தான் வண்டி எல்லாம் வந்துது. நீ யாரோ சினிமாக்காரியோட பல்லைக் கொண்டாந்து எனக்கு வெச்சுட்டே.”

“உனக்கு அந்த சந்து பிடிக்காதுன்னு நினைச்சேன்கா. ஸ்கூல்ல சந்துப்பல்லுன்னு கூப்பிட்டாங்கன்னு அழுதியே. போட்டோல எல்லாம் வாயை மூடிக்கிட்டுத்தான் நிப்பே.”

அக்கா அவரையே பார்த்தாள். “அழுதது பன்னெண்டு வயசுலடா. அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் அதையே நினைச்சு அழுதிட்டிருப்பேனா? அதை நீதான் மறக்கல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு மூன்று வயது இருக்கும்போது அக்கா அழுதுகொண்டு வீட்டுக்கு வந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மாவின் வாயிலிருந்து கேட்டு நினைவில் நின்ற சில விஷயங்களில் அது ஒன்று. பெரியவனானதும் எப்படியாவது அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. வேறு எதற்காக ஒருவன் பல் செய்கிற வேலைக்குப் போவான்?

“அதோட மேல் அண்ணத்துல பலகை வெச்ச மாதிரி இருக்கு. நாக்குக்கு நிக்க இடமே இல்ல” என்றாள் அக்கா. பிறகு, “ஆனா மினுமினுப்பு நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

மறுநாளே புது அச்சு எடுத்தார்கள். இந்த முறை மெழுகில் நட்டதை வீட்டுக்கே கொண்டுவந்தார். சமையலறை மேசைதான் பட்டறை. அக்காவின் சிரிக்கிற புகைப்படம் ஒன்றே ஒன்று தேறியது. வேலையில் சேர்ந்த அன்று, ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து எடுத்தது. பயத்தில் வாயை மூட மறந்திருந்தாள். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இரண்டு முன்பற்களுக்கு நடுவே சந்து விட்டார். பக்கத்துப் பல்லைத் துளி முன்னால் இழுத்தார். முப்பத்து மூன்று வருடமாகக் கோணலை நிமிர்த்திப் பழகிய கை, கோணலாக ஒரு பல்லை வைக்க மறுத்தது. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் விரல் தானாக அதை நேராக்கியிருக்கும்.

அக்கா அதை வாயில் வைத்துக்கொண்டு அறிவிப்பு செய்து பார்ப்பாள். “சற்று நேரத்தில் வந்து சேரும்.” விசில். “மெல்லிசா ராவு.” அவர் ராவுவார். “சற்றுத் தாமதமாகச் சென்று சேரும்.” மறுபடி விசில். “பின்னாடி இன்னும் கொஞ்சம்.” இப்படிப் பதினொரு தடவை. வேலை வாங்குவதில் அவள் எந்த டாக்டருக்கும் சளைத்தவள் இல்லை. ஏழாவது தடவை அவர் அலுத்துக்கொண்டபோது, “உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுத்தப்ப நான் இப்படி முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டேனா?” என்றாள்.

பதினொன்றாவது தடவை வாக்கியம் முழுசாக வந்தது. மழை நின்ற தெரு மாதிரி சுத்தமாக வந்தது. பிறகு அக்கா, பிளாட்பாரத்திலிருந்து இறங்கித் தண்டவாளத்தைக் கடக்க வேண்டாம் என்கிற அறிவிப்பையும், உடைமைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிற அறிவிப்பையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

செட் தயாரானது. ஆனால் பேசுவது ஒன்று, சாப்பிடுவது வேறு. வீட்டில் சாப்பிட்டால் பயந்து பயந்து மறுபடி பாலுக்கே போய்விடுவாள் என்று அவருக்குத் தோன்றியது. அன்றுதான் புதன்கிழமை ரகசியத்தை வெளியே விட்டார்.

“எத்தனை மாசமா?” என்றாள் அக்கா.

“ஏழு.”

“அப்ப நான் குடுத்தனுப்பின டப்பா?”

“சாயங்காலம் சாப்பிட்டுடுவேன்.”

“ரெண்டு சாப்பாடு சாப்பிட்டும் இப்படி ஒட்டிப்போய் இருக்கியே” என்றாள். அத்தோடு அந்த விசாரணை முடிந்தது.

அவர்கள் இருவரும் கடைக்குப் போன அந்தப் புதன்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வருடத்தின் முதல் தக்காளி வந்திருந்த நாள். அக்கா கழுத்தைச் சுற்றித் துப்பட்டா மாதிரி ஒரு துணியைப் போட்டிருந்தாள், தேவைப்பட்டால் வாயை மூட. சுவரைப் பார்த்த மூலை மேசையைக் கேட்டாள். கிடைக்கவில்லை. கடை நிரம்பி வழிந்தது. பலகைக்கு நேர் எதிரே, நடுக்கூடத்தில்தான் இடம் இருந்தது. ஜன்னலோரத்திலிருந்து சர்வேயர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

நெட்டைக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. மேசை மேசையாகப் போய் ஒப்பிக்கிறார், காற்றுதான் வருகிறது. தூணுக்குப் பின்னாலிருந்த மேசையில், “என்ன இருக்குன்னே தெரியலையே” என்று ஒரு குரல் சலித்துக்கொண்டது. “கொஞ்சம் சத்தமா சொல்லுங்க” என்றது இன்னொன்று. நெட்டை தொண்டையைப் பிடித்துக்கொண்டு பரிதாபமாக நின்றார்.

அக்கா பலகையைப் பார்த்தாள். முதுகு தானாக நிமிர்ந்தது. துணியை ஒதுக்கினாள்.

“தக்காளியும் துளசியும் சேர்த்த பாஸ்தா. சுட்ட கத்தரிக்காயும் ஆட்டுப்பால் சீஸும். சுரைப்பூவில் சாதம் அடைத்துப் பொரித்தது. தக்காளிச் சாற்றில் ஊறிய ரொட்டி, குளிர்ந்தது. இனிப்புக்குப் பீச் பழம்.”

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அடுப்படி வரைக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய் நின்றது. சமையல்காரம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். தூணுக்குப் பின்னாலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது.

“அம்மா, நீங்க ரயில்வே ஸ்டேஷன்ல பேசினவங்கதானே?”

அக்கா தலையை ஆட்டினாள். கை பாதி வழி வந்து, வாய்க்குப் போகாமல் நின்றது.

“எட்டு வருஷம் உங்க குரலைக் கேட்டுத்தான் படிக்கட்டுல ஓடியிருக்கேன். என் பொண்ணு வயித்துல இருந்தப்பகூட ஓடியிருக்கேன்.”

“ஓடாதீங்கன்னும் சொல்லியிருப்பேனே” என்றாள் அக்கா.

“சொன்னீங்க. நாங்கதான் கேக்கல.”

அக்கா சிரித்தாள். வாய் நிறையச் சிரித்தாள். நடுச்சந்து தெரிந்தது, சொல்பேச்சுக் கேட்காத பல் தெரிந்தது. பல்செட்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தான் செய்தது என்பதே அவருக்குச் சற்று நேரம் மறந்துபோனது.

அன்று அவள் ஊறிய ரொட்டிதான் கேட்டாள். அவசரப்பட விரும்பவில்லை. ஒவ்வொரு கவளத்தையும் இரண்டு பக்கமும் பிரித்து மெல்லும்படி சொல்லிக்கொடுத்தார் சர்வேயர், அனுபவஸ்தர் என்ற முறையில், தன் மேசையிலிருந்தே. பாதியில், “என்னடா, நீ சாப்பிடல?” என்றாள் தம்பியிடம். அவர் தட்டு அப்படியே இருந்தது. தன் கரண்டியால் அவர் தட்டிலிருந்து ஒரு பாஸ்தாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். “உப்பு கொஞ்சம் கம்மி” என்றாள். சமையல்காரம்மாவுக்கும் அது கேட்டிருக்கும், அவளுடைய குரல் அப்படி.

அதற்குப் பிறகு பல்செட்காரர் தன் வேலையில் ஒரு மாற்றம் செய்தார். பெட்டி அனுப்புகிற எல்லா மருத்துவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். பல் இருந்த காலத்துப் புகைப்படம் ஒன்று அனுப்பவும், மெழுகு வைத்துப் பார்க்கும்போது தானும் வந்து நிற்க அனுமதிக்கவும் கேட்டிருந்தார். சிலர் சிரித்தார்கள், சிலர் பதிலே போடவில்லை. ஆறேழு பேர் சரி என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் பையை எடுத்துக்கொண்டு கிளினிக் கிளினிக்காகப் போக ஆரம்பித்தார். கூச்சம் முழுதாகப் போகவில்லை. முதலில், “உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்களை அவர் இன்னும் சந்திக்கவில்லை.

வீட்டில் தொலைபேசியை மறுபடியும் அக்காதான் எடுக்கிறாள். எதிர்வீட்டு அம்மாள் வந்தால் பேச்சு முடிய ஒரு மணி நேரம் ஆகிறது. புதன்கிழமைகளில் டப்பா கட்டுவதில்லை. மதியம் ஒரு மணிக்கு மாடி ஏறிவந்து, “கிளம்பலையா இன்னும்?” என்பாள். கத்தரிக்காய் போனது. பிறகு காளான் வந்தது. அதை மெல்ல அவள் சற்றுத் திணறினாள், ஆனாலும் விடவில்லை. பூசணிக்காய் வந்தபோது சமையல்காரம்மாவுக்கும் அவளுக்கும் அது இனிப்பா காரமா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

மழைக்காலம் முடியும் சமயம், ஒரு புதன்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு சமையல்காரம்மா ஒரு தட்டில் பேரிக்காய் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பருவத்து முதல் காய்கள். வேகவைக்கவில்லை, நறுக்கவும் இல்லை. பச்சையாக, முழுசாக, கழுவின ஈரத்தோடு இருந்தன.

“நறுக்கித் தரச் சொல்லவா?” என்றார் தம்பி.

“இரு” என்றாள் அக்கா.

காயை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள். எந்தப் பக்கம் ஆரம்பிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முன்பல்லை வைத்து அழுத்தினாள். டாக்டரம்மா கேட்டால், முன்பல்லால் கடிக்கக் கூடாது, ஓரமாகக் கடிக்க வேண்டும் என்று திட்டுவார். தம்பியும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் அது உடைந்த சத்தம் கேட்டது. நறுக்கென்று, ஈரமாக, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.

சாறு முகவாயில் வழிந்தது. அக்கா துடைத்துக்கொள்ளவில்லை. வாயில் காயை வைத்துக்கொண்டே இன்னொன்றை எடுத்துத் தம்பியின் பக்கம் உருட்டிவிட்டாள்.